தேர்ந்து கொணரும் தேறல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘அயல்நாட்டிலிருந்து நாம் கொண்டுவரத் தக்கவை’ என்னும் பொதுத்தலைப்பில் இன்றைய உரைகள் அமைந்துள்ளன. எனக்கு முன் பேசியவர்கள் நூல்களைப் பற்றியும் நாடகத்தைப் பற்றியும் பேசினார்கள். எனக்கு வாய்த்த பொருளோ சற்றுக் கூச்சம் தருவது. வெளிநாடு சென்று திரும்புவோர் எந்தத் திராட்சை மதுவைத் தேர்ந்து வீட்டிற்குக் கொண்டுவரலாம் என்பதே அது. இவ்வட்டத்து உறுப்பினர்களின் பிள்ளைகள் பலர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பணியாற்றுகின்றனர். ஊர் திரும்பும்போது ‘நல்ல ஒயின் ஒன்று வாங்கி வரட்டுமா?’ என்று கேட்கின்றனர். என்ன விடை சொல்வது என்று தெரியாத பெற்றோர் சிலரே இத்தலைப்பை அமைப்பாளர்களிடம் முன்மொழிந்தனர் என அறிகிறேன்.

‘கள்ளுண்ணாமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவப் பெருந்தகையின் படம் மாட்டிய மேடையில் இப்படி ஒரு பேச்சா என்று எவரேனும் வினவினால் அவ்வினாவை நான் மதிக்கிறேன். மதுவால் சிதைந்த குடும்பங்களை நாம் நூலில் படித்து அறிய வேண்டியதில்லை. நம் தெருவிலேயே காண்கிறோம். 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த இராஜாஜி முதல், கடை வாயிலில் நின்று போராடிய தாய்மார்கள் வரை, மதுவை எதிர்த்தோர் எல்லோரும் கண்ட துன்பம் உண்மையானது. எந்த அளவு மதுவும் உடலுக்குத் தீங்கற்றது எனக் கூறவியலாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2023-இல் அறிவித்திருப்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆகவே, குடியாதவரைக் குடிக்கச் சொல்வதற்காக நான் இங்கு வரவில்லை. குடியாதிருப்பது நன்று, அதில் எனக்கு ஐயமில்லை.

ஆயினும் ஒன்று சொல்வேன். ஒரு பொருளை அறியாமலே வெறுப்பதும் அறியாமலே விழுங்குவதும் ஒரே அறியாமையின் இரு முகங்கள். முன்னாளில் நம் ஊர்களில் ‘ஒயின்ஸ்’ என்று பலகை மாட்டிய கடைகள் விற்றவை பிராந்தியும் ரம்மும்தாம். பலகையில் இருந்த பொருள் கடையில் இல்லை. அதை எவரும் கேட்கவும் இல்லை. போதையே நோக்கமாகிவிட்ட இடத்தில் சுவைக்கும் தேர்வுக்கும் இடம் இருப்பதில்லை. தேர்ந்தெடுக்கத் தெரிந்தவன் அளவறிந்து நிறுத்தவும் ஓரளவு கற்றிருப்பான் என்ற நம்பிக்கையில்தான் இவ்வுரையை அமைத்திருக்கிறேன்.

தேறல் என்னும் சொல்

நம் முன்னோர் மதுவுக்கு வழங்கிய பெயர்கள் பல: கள், நறவு, மட்டு, பிழி, தோப்பி, தேறல். இவற்றுள் தேறல் என்ற சொல் என்னை நீண்ட நாள் சிந்திக்க வைத்தது. தேறுதல் என்றால் தெளிதல். வண்டல் கீழே படிய, மேலே தெளிந்து நிற்பது தேறல். தேறுதல் என்பதற்கு நம்புதல் என்ற பொருளும் உண்டு. ஒருவரை ஆராயாமல் நம்பவேண்டா என்பதைத் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வலியுறுத்துகிறார். முதலில் தேர வேண்டும், பிறகே தேற வேண்டும் என்பது அவர் காட்டும் முறை. ஆட்களுக்கு அவர் சொன்ன இந்த முறை புட்டிக்கும் பொருந்தும். நாமோ பெரும்பாலும் தேராமலே தேறிவிடுகிறோம். விலைச்சீட்டைக் கண்டே நம்பிவிடுகிறோம்.

அயல்நாட்டு மது தமிழகத்துக்கு வருவது புதிய செய்தி அன்று. புறநானூற்றின் 56-ஆம் பாடலில், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்துகிறார். யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, நாளும் மகிழ்ந்து இனிதாக வாழ்க என்பது அவ்வாழ்த்து. அத்தேறல் வந்தது ‘நல்ல கலத்தில்’ என்று பாடல் குறிக்கிறது. கலம் என்பது மரக்கலமாகவும் இருக்கலாம், மது நிறைந்த சாடியாகவும் இருக்கலாம். எப்பொருள் கொண்டாலும், உள்ளே இருப்பதோடு அதனைத் தாங்கிவரும் கலமும் நல்லதாயிருக்க வேண்டும் என்ற குறிப்பு நமக்குக் கிடைக்கிறது.

அந்த யவனர் எந்த மதுவைத் தேர்ந்து கொண்டுவந்தனர்? கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரையக் கடலின் பெரிப்ளூஸ்’ என்னும் வணிகக் கையேடு ஓரளவு விடை தருகிறது. மேற்குக் கரையிலுள்ள பாரிகாசா, அதாவது இன்றைய பரூச் துறைமுகத்தில், இத்தாலிய மதுவுக்கு முதலிடமும், அதற்கடுத்து இலவோதிக்கேய மதுவுக்கும் அரேபிய மதுவுக்கும் இடமும் இருந்ததாக அந்நூல் கூறுகிறது. முசிறிப் பக்கம் மது வந்தது. ஆனால் மிகுதியாக வரவில்லை என்றும் அது குறிக்கிறது. வாங்குவோரின் விருப்பத்தை விற்போர் அறிந்து வைத்திருந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டை 1945-இல் மார்ட்டிமர் வீலரும், பின்னர் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினரும் அகழ்ந்தனர். அங்கே இருபிடிச் சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. எண்ணெயும் மீன்சாறும் வந்த சாடிகளும் அவற்றுள் உண்டெனினும் மதுச்சாடிகள் பல. அவற்றில் கிரேக்கத்தின் கோஸ் தீவுக்குரிய வடிவம் குறிப்பிடத்தக்கது. கோஸ் தீவின் மதுவில் கடல்நீர் கலப்பது வழக்கம். அம்முறையில் மது செய்யும் விதத்தை, கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் கேட்டோ தம் வேளாண் நூலில் எழுதி வைத்திருக்கிறார். உப்புச் சேர்ந்த மது எளிதில் கெடாது, நெடும்பயணத்தைத் தாங்கும். சாடியின் உட்புறத்தில் கீல் பூசுவதும் கசிவைத் தடுக்கத்தான். கோஸ் சாடியின் வடிவத்தைப் பின்பற்றி இத்தாலியரும் சாடிகள் செய்து அனுப்பினர் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். புகழ்பெற்ற கலத்தின் தோற்றத்தை மற்றவர் மேற்கொள்வது இன்று நேற்று தொடங்கியதன்று.

இதிலிருந்து நமக்கு முதல் அளவுகோல் கிடைக்கிறது. ஓர் ஊரில் மிகச் சிறந்தது எது என்பது ஒரு கேள்வி. அவ்வூரிலிருந்து பயணம் செய்து நம் வெயிலில் நிற்கக்கூடியது எது என்பது வேறொரு கேள்வி. கொண்டுவருவோர் கேட்கவேண்டியது இரண்டாவது கேள்வியை.

நிலமும் பொழுதும்

இனிப் புட்டியின் மேலுள்ள சீட்டைப் படிக்கும் முறைக்கு வருவோம். தொல்காப்பியம் கற்றவர்களுக்கு இது கடினமன்று. அகத்திணைக்கு முதற்பொருள் நிலமும் பொழுதும். ஐரோப்பிய மதுவுக்கும் முதற்பொருள் அவையே. பிரெஞ்சு, இத்தாலிய, ஸ்பானியப் புட்டிகளில் பெரும்பாலானவை ஊரின் பெயரைத்தான் முன்னிறுத்துகின்றன: போர்தோ, பர்கண்டி, பரோலோ, ரியோஹா. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சிலி போன்ற நாடுகளின் புட்டிகளில் திராட்சை வகையின் பெயர் முன்னிற்கும்: கபெர்னே சொவின்யோன், ஷார்டனே, ஷிராஸ். முன்னது நிலத்தைச் சொல்லி அங்கு விளையும் கருப்பொருளை நீங்களே அறிந்துகொள்ளுங்கள் என்கிறது. பின்னது கருப்பொருளைச் சொல்லிவிடுகிறது. இந்த வேறுபாட்டை அறிந்தாலே கடையில் பாதிக் குழப்பம் தீரும்.

பொழுது என்பது அறுவடை ஆண்டு. 2003-இல் ஐரோப்பாவைக் கடும் வெப்ப அலை வாட்டியது. அவ்வாண்டுத் திராட்சை மிகையாகப் பழுத்து, புளிப்புக் குறைந்து நின்றது. 2021 ஏப்பிரலில் பிரான்சில் உறைபனி கொட்டித் தளிர்களைக் கருக்கியது, விளைச்சல் சுருங்கியது. ஒரே கொடி, ஒரே கை, ஆனால் ஆண்டுக்கு ஆண்டு வேறு சுவை. ஆண்டு பொறித்த புட்டி, அவ்வாண்டின் வெயிலையும் மழையையும் பதிவுசெய்த ஓர் ஏடு எனலாம்.

நிலமும் பொழுதும் ஒன்றாயிருந்தும் புலவர் வேறானால் பாட்டு வேறாகும் அல்லவா? பர்கண்டியில் குளோ த வூஜோ என்னும் மதில் சூழ்ந்த தோட்டம் ஒன்றுண்டு. சிஸ்டெர்சியத் துறவியர் உருவாக்கியது. ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரப்பு. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு மடத்து நிலங்கள் விற்கப்பட்டன. நாளடைவில் பங்கு பிரிந்து பிரிந்து இன்று எண்பது பேர் அளவில் உரிமையாளர்கள் அதில் இருக்கின்றனர். எல்லாருடைய புட்டியிலும் அதே தோட்டத்தின் பெயர். ஒருவருடையது அமுதம், மற்றொருவருடையது சாதாரணம். விலையோ இரண்டுக்கும் உயரம். ஆகவே ஊர்ப்பெயரைக் கண்டு மயங்காமல், அடியில் சிறிய எழுத்தில் உள்ள செய்தவர் பெயரைப் படியுங்கள். தோட்டத்திலேயே புட்டியில் அடைக்கப்பட்டது என்ற குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பிரெஞ்சில் ‘மீஸ் ஆன் புத்தேய் ஓ ஷாத்தோ’ என்றோ ‘ஓ தொமேன்’ என்றோ, ஜெர்மனில் ‘கூட்ஸ்அப்ஃபுல்லுங்’ என்றோ அக்குறிப்பு இருக்கும். விளைவித்தவரே அடைத்த மது, தன் பெயருக்குத் தானே பொறுப்பேற்கும் மது.

புகழும் விலையும்

அடுத்து, புகழ் என்னும் பெருந்தடை. போர்தோவின் மெடோக் பகுதித் தோட்டங்களை ஐந்து தரமாகப் பிரித்த பட்டியல் 1855-ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சிக்காக வகுக்கப்பட்டது. வகுத்தவர்கள் தரகர்கள், அவர்கள் கொண்ட அளவுகோல் அந்நாளைய சந்தை விலை. நூற்றெழுபது ஆண்டுகள் ஆகின்றன. இதற்கிடையே தோட்டங்கள் கைமாறின, எல்லைகள் மாறின, கொடிகள் புதிதாக நடப்பட்டன. பட்டியலோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. 1973-இல் மூத்தோன் ரோத்ஷில்ட் இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்திற்கு உயர்த்தப்பட்டதே பலரும் நினைவுகூரும் ஒரே பெரிய மாற்றம். நம்மிடையேயும் சில பெயர்ப்பட்டியல்கள் உண்டு. ஒருகாலத்து மதிப்பை எக்காலத்து மதிப்பாகவும் சுமந்து வருபவை. அவற்றைப் பற்றி இந்த அவையில் விரித்துரைக்க வேண்டியதில்லை.

1976-இல் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வணிகர் பாரிசில் ஒரு சோதனை நடத்தினார். பிரெஞ்சு மதுக்களையும் கலிபோர்னிய மதுக்களையும் பெயர் தெரியாதபடி வைத்து, பிரெஞ்சு நடுவர்களையே சுவைத்து மதிப்பெண் இடச் செய்தார். வெள்ளையில் ஷாத்தோ மான்டெலினாவும் சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்சும் முதலிடம் பெற்றன. இரண்டும் கலிபோர்னியா, இரண்டும் 1973-ஆம் ஆண்டு விளைச்சல். பெயரை மறைத்தவுடன் நாக்கு தன் சொந்தத் தீர்ப்பைச் சொல்லத் துணிந்தது. புலவர் பெயரை நீக்கிவிட்டுப் பாடலைப் படித்துப் பார்க்கும் பயிற்சியை இவ்வட்டம் தன் கூட்டங்களில் எத்தனையோ முறை செய்திருக்கிறது. அப்பயிற்சியின் பயன் உங்களுக்குத் தெரியும்.

புகழுக்குப் பின்னால் பொய்யும் வரும். கலிபோர்னியாவில் வாழ்ந்த ரூடி குர்னியவான் என்பவர் அரிய பழைய மதுக்களைத் தம் சமையலறையிலேயே கலந்து, பொய்ச்சீட்டு ஒட்டிச் செல்வர்களுக்கு விற்றார். 2013-இல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 2014-இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவர் அகப்பட்டதற்கு ஒரு காரணம் இலக்கிய ஆராய்ச்சியாளர்களுக்குச் சுவையாக இருக்கும். பர்கண்டியின் பொன்சோ குடும்பத்தார் குளோ சேன் தெனி என்ற மதுவைச் செய்யத் தொடங்கியது 1980-களில். குர்னியவான் 2008-இல் ஏலத்திற்கு அனுப்பியதோ, அதே குடும்பப் பெயரில் 1945 முதலான ஆண்டுகள் பொறித்த புட்டிகள்! பிற்காலச் சொல் ஒன்று முற்காலப் பாடலில் புகுந்திருப்பதைக் கண்டு இடைச்செருகல் என்று நாம் முடிவு செய்கிறோமே, அதே முறைதான் அங்கும் பயன்பட்டது. இதிலிருந்து பயணிக்கு நான் சொல்வது எளியது: பழைமையும் பெரும்புகழும் கொண்ட புட்டியை முன்பின் அறியாத கடையில் வாங்காதீர்கள். அது மெய்யானதாகவே இருந்தாலும் அதற்குத் தரும் விலையில் பெரும்பகுதி பெயருக்குப் போகிறது.

இரண்டு லிட்டர்

காவிரிப்பூம்பட்டினத்தில் பொதிகளுக்கு உல்கு கொண்டு புலிப்பொறி இட்டு அனுப்பியதைப் பட்டினப்பாலை விரித்துரைக்கிறது. இன்றைய உல்குப் பொருளின் கணக்கும் நமக்கு எல்லை வகுக்கிறது. வெளிநாட்டிலிருந்து இந்தியா திரும்பும் பயணி ஒருவர் தீர்வையின்றிக் கொண்டுவரத் தக்க மது இரண்டு லிட்டர். வழக்கமான புட்டி 750 மில்லி லிட்டர். இரண்டு புட்டிகள் சேர்ந்தால் ஒன்றரை லிட்டர். மூன்றாவது வழக்கமான புட்டிக்கு இடமில்லை. எஞ்சுவது சரியாக அரை லிட்டர்.

இந்த எல்லையை ஒரு வரமாகவே நான் கருதுகிறேன். வெண்பாவின் அடியளவு புலவனைச் சொல் தேடவைப்பதுபோல் இது நம்மைத் தேடவைக்கிறது. நான் என்ன தேர்வேன் என்று கேட்டால், இந்த மூன்றைச் சொல்வேன்.

முதலாவது, மதேரா. அட்லாண்டிக் கடலில் போர்ச்சுகல் நாட்டுக்குரிய தீவு. கிழக்கிந்தியாவுக்குச் செல்லும் கப்பல்கள் அங்கே நின்று மது ஏற்றிச் செல்லும். வெப்பமண்டலக் கடலில் மாதக்கணக்காகக் கப்பலின் அடித்தளத்தில் கிடந்து வெந்து குலுங்கிய பீப்பாய்கள் கெட்டிருக்க வேண்டும். கெடவில்லை, மேலும் சுவையேறின. போய்த் திரும்பி வந்த மதுவுக்குத் தனிமதிப்பு ஏற்பட்டது. ‘வின்யு த ரோதா’, அதாவது சுற்றி வந்த மது என்று அதற்குப் பெயரும் இட்டனர். பிற்காலத்தில் கப்பலில் ஏற்றாமலேயே அவ்விளைவைப் பெறக் கற்றுக்கொண்டனர். எளிய வகையைத் தொட்டியிலிட்டு 45 முதல் 50 பாகை வெப்பத்தில் மூன்று மாதமேனும் வைக்கின்றனர். உயர்ந்த வகையை வெயிலேறும் மேல்மாடத்தில் பீப்பாயில் ஆண்டுக்கணக்காக விட்டுவைக்கின்றனர். சென்னைக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர் விரும்பிக் குடித்தது இதையே. வெந்து பிறந்த மதுவை நம் சித்திரை வெயில் என்ன செய்துவிடும்? திறந்த பின்னும் பல மாதங்கள் கெடாது. ஒரு புட்டியை ஓராண்டு வைத்துச் சிறிது சிறிதாகச் சுவைக்க விரும்பும் வீட்டிற்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. சீட்டில் செர்சியல் என்றிருந்தால் இனிப்புக் குறைவு. வெர்தெல்யு, புவால், மால்வசியா என இனிப்பு ஏறிக்கொண்டே போகும்.

இரண்டாவது, ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரை ரீஸ்லிங். செங்குத்தான பலகைக்கல் சரிவுகளில் விளையும் வெள்ளைத் திராட்சை. ‘கபினெட்’ என்று குறித்த புட்டியை நாடுங்கள். அதில் மதுச்சத்து பெரும்பாலும் எட்டு, ஒன்பது விழுக்காடு அளவில்தான் இருக்கும். மெல்லிய இனிப்பும் கூர்மையான புளிப்பும் சேர்ந்திருக்கும். நம் உணவோடு பொருந்துவது இதன் தனிச்சிறப்பு. துவர்ப்பும் மதுச்சத்தும் மிகுந்த சிவப்பு ஒயினை மிளகாய்க் குழம்போடு அருந்தினால் காரம் நாக்கில் தீயாய்ப் பற்றும். இலேசான இனிப்போ அக்காரத்தைத் தணிக்கும். புளிப்பு நம் புளிக்கு இணங்கும். விருந்தில் செட்டிநாட்டுச் சமையல் என்றால் பெரும்புகழ் போர்தோவை அலமாரியிலேயே விட்டுவிட்டு இதனை எடுங்கள்.

மூன்றாவது, அந்த அரை லிட்டர். அங்கேரியின் தொகாய் அசூ என்னும் இனிப்பு மதுவை அடைக்கும் வழக்கமான புட்டி 500 மில்லி லிட்டர்தான்! போத்ரோக், திசா ஆறுகள் கூடும் இடத்து இலையுதிர்காலப் பனிமூட்டத்தில், திராட்சைமேல் ஒருவகைப் பூஞ்சணம் படிந்து அதன் நீரை வற்றச் செய்கிறது. உலர்ந்து சுருங்கிய அப்பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, புதுமதுவில் ஊறவைத்துச் செய்வது இது. ஒரு லிட்டரில் 120 கிராமுக்குக் குறையாத சர்க்கரை இருக்க வேண்டும் என்பது இன்றைய விதி. அவ்வளவு இனிப்பையும் திகட்டாமல் தாங்குவது அதன் புளிப்பு. அவ்விரண்டும் சேர்ந்தே அதை நெடுநாள் காக்கின்றன. பொதுவுடைமை ஆட்சிக் காலத்தில் அரசுப் பண்ணைகள் அளவையே பெரிதாகக் கருத, இதன் தரம் தாழ்ந்தது. 1989-க்குப் பின் தனித்தோட்டக்காரர்கள் பழைய சரிவுகளை மீட்டு, பழைய முறையை மீண்டும் கைக்கொண்டனர். ஒரு மரபு தாழ்ந்து மறுபடி எழுந்த வரலாறு அந்தச் சிறுபுட்டியில் இருக்கிறது.

இம்மூன்றும்தான் என்று நான் சட்டமிடவில்லை. பிரான்சின் ஜூரா மலைப்பகுதிக்குச் செல்வோர், 620 மில்லி லிட்டர் கொள்ளும் ‘கிளாவலேன்’ என்ற புட்டியில் அடைத்த மஞ்சள் மதுவை நினைக்கலாம். போர்ச்சுகலின் தோரு பள்ளத்தாக்கிற்குச் செல்வோர், பீப்பாயில் பல ஆண்டு முதிர்ந்த டானி போர்ட்டை நினைக்கலாம். அளவுகோல் மட்டும் மாறவேண்டா. அந்த நிலத்துக்கே உரியதா? செய்தவர் பெயர் தெரிகிறதா? பயணத்தையும் நம் வெப்பத்தையும் தாங்குமா? நம் ஊர்க் கடையில் கிடைக்காததா? நம் உணவோடும் நம் உறவோடும் பொருந்துமா? இவ்வைந்துக்கும் ஆம் என்று விடை வந்தால் தயங்காமல் வாங்குங்கள்.

காக்கும் முறை

கொண்டுவருவதில் பாதி, காப்பது. என் நண்பர் ஒருவர் பாரிசிலிருந்து விலையுயர்ந்த பர்கண்டிச் சிவப்பு ஒன்றைக் கொண்டுவந்து, மகள் திருமணத்திற்கென்று இரும்பு பீரோவின் மேல் நிறுத்தி வைத்தார். மூன்று கோடை கடந்து திறந்தபோது அதில் இருந்தது வேகவைத்த பழத்தின் வாடை மட்டுமே. மென்மையே அந்த மதுவின் பெருமை. அம்மென்மையை நம் வீட்டுக் கூரையடி வெப்பத்தில் எதிர்பார்ப்பது மதுவுக்குச் செய்யும் அநீதி. மதுவுக்கு உகந்த வெப்பம் 12 முதல் 15 பாகை. அத்தகைய நிலவறை நம்மிடம் இல்லை. ஆதலால் ரீஸ்லிங்கைக் குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில் படுக்கவைத்துச் சில மாதங்களுக்குள் திறந்துவிடுங்கள். தக்கை நனைந்திருக்கவே படுக்கவைப்பது. மதேராவை மட்டும் நிறுத்தியே வைக்கலாம்.

வாங்கும்போதும் கண் வேண்டும். கடையின் முன்கண்ணாடியில் வெயில்பட நிற்கும் புட்டியைத் தொடாதீர்கள். கழுத்தளவுக்குக் கீழே மது இறங்கியிருந்தாலோ தக்கை வெளியே தள்ளியிருந்தாலோ விலகிவிடுங்கள். தக்கைக்கு மாறாகத் திருகுமூடி இருந்தால் மலிவானது என்று எண்ணவேண்டா. ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்குத் தோட்டக்காரர்கள் 2000-ஆம் ஆண்டில் தங்கள் உயர்ந்த ரீஸ்லிங்கைத் திருகுமூடியில் அடைக்கத் துணிந்தது தரத்தைக் காப்பதற்காகவே.

அன்பர்களே, இவ்வளவும் எதற்காக? அயலிலிருந்து ஒன்றைக் கொண்டுவருவது நம்மிடம் ஏதும் இல்லை என்பதனால் அன்று. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர்த் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு நிலத்தின் பெயர் ஒரு பழத்தோடு சட்டப்படி பிணைந்தது. மோசலின் சரிவையும் தொகாயின் பனியையும் அறிந்த ஒருவர், கம்பத்துப் பழத்தைக் கையில் எடுக்கும்போது அந்த மண்ணையும் காற்றையும் எண்ணிப் பார்ப்பார். அதன் சாற்றை மதுவாக்க வேண்டும் என்பதில்லை, பழமாகவே உண்ணலாம். பிறர் நிலத்தை மதிக்கக் கற்ற கண் தன் நிலத்தை மதிக்க மறக்காது.

இவ்வட்டம் பத்தாண்டுகளாகப் பிறமொழி இலக்கியங்களை நமக்கு அறிமுகம் செய்துவருகிறது. அடுத்த பத்தாண்டுக்கும் இடம் குறைவு, காலம் குறைவு, பொருள் குறைவு. நம் இரண்டு லிட்டரில் எதை ஏற்றுவோம்? பரிசுப் பட்டியலில் முதலில் நிற்கும் பெயரையா, அன்றி, நம் மொழியின் வெப்பத்தைத் தாங்கி, நம் வாழ்வோடு பொருந்தி, இங்கே வேரூன்றிப் பேசக்கூடிய படைப்பையா? இவ்வினாவை அமைப்பாளர்கள் முன் பணிவுடன் வைக்கிறேன்.

நிறைவாக ஒன்று. அதியமான் நெடுமான் அஞ்சி மறைந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டை நீங்கள் அறிவீர்கள். சிறிதளவு மது கிடைத்தால் அதை எங்களுக்கே தந்துவிடுவான். மிகுதியாகக் கிடைத்தால் நாங்கள் பாட, உடனிருந்து தானும் மகிழ்வான் என்று அவர் நினைந்து உருகுகிறார். அங்கே மது பெரிதன்று, பகிர்ந்த கை பெரிது. தேர்ந்து கொணர்ந்த ஒன்றை, அளவறிந்து, உரியவரோடு பகிர்வதே பண்பாடு. தனியே பூட்டிவைத்துக் குடிப்பவனுக்கு உலகத்தின் சிறந்த தோட்டமும் ஒன்றும் கற்பிக்காது.